சமையல்காரர் வாய்க்குள் சொன்னது

அந்த ஆஸ்பத்திரியில் எந்த மூலையில் இருக்கிற டெலிபோனை எடுத்து ஜீரோவை அழுத்தினாலும் ஒரே குரல்தான் வரும். "எக்ஸ்சேஞ்ச், சொல்லுங்க." அதனால் பெரிய டாக்டர் முதல் பிணவறைக் காவல்காரர் வரை எல்லோருக்கும் அவள் ஜீரோ அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. "இப்படிக் கூப்பிடறாங்களே, உனக்குக் கோபம் வரலையா?" என்று கணவர் ஒருமுறை கேட்டார். "ஜீரோ இல்லாம அங்க ஒருத்தனுக்கும் லைன் கிடைக்காது, போங்க" என்றாள்.

அக்காவுக்குப் பிறந்ததில் இருந்தே கண் தெரியாது. அதற்காக யாரும் கைக்குட்டையை எடுக்க வேண்டாம், அவளுக்கு அது பிடிக்காது. முதலில் அவளுக்கு மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறையைக் கொடுத்தார்கள். "உங்களுக்கு ஜன்னல் எதுக்கு?" என்று நிர்வாகி பெரிய நகைச்சுவை செய்துவிட்டதாகச் சிரித்தார். "காத்துக்கு சார்" என்று அக்கா சொன்னாள். அடுத்த மாதமே சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார்கள். அவள் குரலை உயர்த்தமாட்டாள், விடவும் மாட்டாள்.

பாம்புச்செவி என்பார்களே, அவளுக்கு அது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டாக்டர், அழுதுகொண்டே பேசும் மகள், பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசும் பெரியவர், மோட்டார் சைக்கிளில் காற்று இரைய இரையப் பேசுகிறவன் என்று வருவதெல்லாம் அரைகுறைச் சொல்லாகத்தான் வரும். அக்கா அதை வாய்க்குள் போட்டு மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை என்று நாலைந்து தடவை உருட்டுவாள். எங்கோ ஓரிடத்தில் சரியான பெயர் அகப்பட்டுவிடும்.

ஒரே ஒரு தடவைதான் அவள் தன் காதை விட்டுவிட்டு அடுத்தவர் பேச்சைக் கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். வார்டிலிருந்து இறந்தவரின் பெயரைச் சொன்னார்கள். அவள் காதில் ஒரு பெயர் விழுந்தது, பக்கத்தில் இருந்த குமாஸ்தா பட்டியலைப் பார்த்து வேறொரு பெயரைச் சொன்னார். "உனக்குச் சரியா கேக்கல. லிஸ்ட்ல இப்படித்தான் இருக்கு" என்றார். பட்டியலில் இருந்ததையே அவள் அந்த வீட்டுக்குச் சொன்னாள். உயிரோடு இருந்த மனிதருக்காக ஒரு குடும்பம் இரண்டு மணி நேரம் அழுது தீர்த்தது. அந்த அழுகை டெலிபோன் வழியாக அவள் காதுக்குள் வந்தது, இன்னமும் முழுதாகப் போகவில்லை. லிஸ்ட் சொல்வது வேறு, லைன் சொல்வது வேறு என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டாள்.

இந்த அக்காதான் நாற்பத்து நாலு வயதில் எம்.ஏ. இலக்கியம் படிக்கக் கிளம்பினாள். காலை ஷிப்டு முடிந்ததும் பேருந்து ஏறி மாலைக் கல்லூரிக்குப் போவாள். கதை கேட்கிற பைத்தியம் சிறுவயதில் இருந்தே உண்டு. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. பதினெட்டு வருடமாக அவள் அதிகம் சொன்ன வாக்கியம், "இருங்க, கொடுக்கிறேன்." யாரும் அவளிடம் பேசுவதற்காக ஜீரோவை அழுத்துவதில்லை, அவளைத் தாண்டி வேறு யாரிடமோ பேசத்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் ஆசிரியர் ஒரு கதையை முடித்துவிட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?" என்று அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த ஆசிரியருக்கு அவளைவிட ஏழெட்டு வயது குறைவு. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் இடைவெளி சார். எந்தக் கதையை எடுத்தாலும் அவர் அதில் ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்துவிடுவார். ஆண்டவனுக்கும் ஆளப்பட்டவனுக்கும் இடையே, சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே, கடைசியில் மணி அடிப்பதற்கும் வகுப்பு முடிவதற்கும் இடையே. நல்ல மனிதர். அவர் நடத்திய தாளின் பெயர் காலனியச் சிறுகதையும் பின்காலனியச் சிறுகதையும். முதல் பாதியில் துரைமார் எழுதிய கதைகள், இரண்டாம் பாதியில் துரைமார் போன பிறகு நம்மவர்கள் எழுதிய கதைகள். இரண்டாம் பாதியை அக்கா ஆசையாகக் கேட்டாள். முதல் பாதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

மற்ற தாள்களையெல்லாம் ஊதித் தள்ளியவள் இந்த ஒன்றில் மட்டும் இரண்டு முறை தோற்றாள். முதல் முறை அவள் தப்பு இல்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்குக் கல்லூரி கொடுத்த பெண் வணிகவியல் படிப்பவள். அக்கா ஆங்கிலத்தில் 'கலோனியல்' என்று சொன்னதையெல்லாம் அந்தப் பெண் 'கர்னல்' என்று எழுதிவைத்தாள். 'போஸ்ட் கலோனியல்' என்றதும் 'போஸ்ட் கர்னல்' ஆனது. திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையில், 'யார் இந்த ஓய்வுபெற்ற கர்னல்?' என்று கேட்டிருந்தார். இரண்டாம் முறை புதிதாக வந்தவளுக்குச் சொல்லுக்குச் சொல் எழுத்துக்கூட்டிச் சொன்னதில் மூன்று மணி நேரத்தில் ஒன்றரைக் கேள்விதான் முடிந்தது. இனி ஒரே வாய்ப்பு. அதிலும் தோற்றால் நாலு வருடப் படிப்பும் காலாவதி, முதலில் இருந்து தொடங்க வேண்டும். அக்கா விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டு, எழுத்துத் தேர்வுக்குப் பதில் வாய்மொழித் தேர்வு என்று அனுமதி வாங்கினாள். தேர்வாளர்கள் இரண்டு பேர். ஒருவர் வெளியில் இருந்து வருவார், இன்னொருவர் இடைவெளி சார்.

இடைவெளி சார் தேர்வாளராக வந்தால் ஒரு கேள்வி நிச்சயம். சமையல்காரர் கதை.

அது ஒரு துரை தன்னைப் பற்றியே எழுதிய சின்னக் கதை. பன்னிரண்டு வருடம் இந்தப் பக்கம் அதிகாரியாக இருந்தவர் சொந்த நாட்டுக்குத் திரும்புகிறார். பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. வீட்டு வேலைக்காரர்கள் எல்லோரும் வரிசையாக நின்று வணங்குகிறார்கள். கடைசியில் நின்ற சமையல்காரர் தலையைக் குனிந்து, வாய்க்குள் மூன்று சொல் சொல்கிறார். அந்தச் சொற்களைத் துரை தன் காதில் விழுந்தபடியே ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். முதல் சொல் 'நா'. அடுத்தது, ஆங்கிலத்தில் கோடைக்கு என்ன சொல்வார்களோ அது, 'சம்மர்'. கடைசியில் 'போ'. நா சம்மர் போ. துரையின் கண் கலங்குகிறது. கப்பலில் போகும்போதும், வயதான பிறகு கணப்பு அருகே உட்கார்ந்திருக்கும்போதும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். புத்தகத்தின் கடைசியில் இருக்கிற சொற்பொருள் பட்டியலில் இதற்கு அவரே விளக்கமும் கொடுத்திருக்கிறார்: 'வேலையாட்கள் எசமானை வழியனுப்பும் வாழ்த்து. கோடை இனிதாக இருக்கும் நாட்டுக்குச் சென்று வாருங்கள் என்பது பொருள்.'

இதன் மேல் இடைவெளி சார் மூன்று மாடி கட்டியிருந்தார். 'நா' என்றால் நாக்கு. 'சம்மர்' எசமானின் மொழி. 'போ' நம் மொழி. ஆக, அடிமையின் நாக்கு எசமானின் கோடைக்குள் போகிறது. இரண்டு மொழிக்கும் இடைவெளியில் ஒரு மூன்றாம் மொழி பிறக்கிறது. இதை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதி அச்சிலும் கொண்டுவந்தார். பதினாலு வருடமாக ஒவ்வொரு வகுப்புக்கும் கரும்பலகையில் மூன்று சொல்லையும் தனித்தனியே எழுதி, தனித்தனியே உச்சரித்து நடத்துகிறார். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களே, அந்த ஜாதி இல்லை இது. அவர் மனதார நம்பினார். ஒருநாள் நடத்தி முடித்துவிட்டு, "அந்த ஆள நினைச்சா எனக்கு வெட்கமா இருக்கு. எங்க வீட்டிலயும் அப்படி ஒருத்தர் இருந்தார்" என்றார். பிறகு சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தத் தட்டலின் வேகத்தை அக்கா கவனித்தாள்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து, கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். போனில் புத்தகம் படித்துக் காட்டும் இயந்திரக் குரல் மற்ற புத்தகங்களுக்குச் சரி. இந்தப் பழைய புத்தகம் நூலகத்தில் ஒரே ஒரு பிரதி. அதன் ஜெராக்ஸின் ஜெராக்ஸ்தான் மாணவர்கள் கைக்கு வரும். அந்தக் கறுப்புத் தூசியைப் பார்த்ததும் இயந்திரம் கைவிரித்துவிட்டது. கணவர் கைவிரிக்கவில்லை. அவர் லேத் பட்டறையில் கடைசல் பிடிக்கிறவர், பத்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். வரைபடத்தில் அளவு பார்ப்பது போல ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாகத்தான் படிப்பார். அர்த்தம் அவள் பொறுப்பு.

"இங்க ஒரு வார்த்தைய சாய்ச்சுப் போட்டிருக்கு. என், ஏ, ஹெச். ஒரு கோடு. எஸ், யு, எம், எம், ஈ. அதுக்கப்புறம் ஸ்டேப்ளர் பின் குத்தி ஓட்டையா இருக்கு. அப்புறம் பி, ஓ."

"அது தெரிஞ்சதுதாங்க. மேல போங்க."

"இரு, தாண்டக்கூடாது. ஒரு இழை தாண்டினா மொத்த பீஸும் வேஸ்ட்." பட்டறைப் பழக்கம். விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். "நா. சம்ம. போ." பிறகு அடுத்த வரியைத் தேடிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுத்தார். "நாசம்ம போ. நாசம்மபோ."

அக்கா கையை உயர்த்தினாள். "இப்ப என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலையே."

"வாய்க்குள்ள சொன்னீங்க."

"இதுல இருக்கிறதத்தான் சொன்னேன்."

"இன்னொரு தடவ சொல்லுங்க. வேகமா."

அவர் சொன்னார். அவளும் சொல்லிப் பார்த்தாள், மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை. எக்ஸ்சேஞ்சில் பெயர் அகப்படுவது போலவே அகப்பட்டது. துரைமார் சொல்லின் கடைசியில் வருகிற 'ர்' என்னும் ஒலியை முழுங்கிவிடுவார்கள். வெளிநாட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசுகிறவர்கள் 'டாக்டர்' என்பதை 'டொக்டா' என்றுதான் சொல்வார்கள், அவளே தினமும் கேட்கிறாள். அப்படியானால் துரை எழுதிய 'சம்மர்' துரையின் வாயில் 'சம்மா'. ஸ்டேப்ளர் பின் அந்த 'ர்' மேலேயே குத்தியிருந்தது.

"என்னங்க," என்றாள், "அந்தச் சமையல்காரர் துரைய வாழ்த்தவே இல்ல. நாசமாப் போன்னு சொல்லியிருக்கார்."

கணவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "திட்டு வாங்கினது தெரியாம இத்தன வருஷம் கண்ணீர் விட்டிருக்கான் மனுஷன்." அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வர இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள், என்னவோ ஏதோ என்று.

சிரிப்பு அடங்கின பிறகுதான் அவளுக்கு நடுவில் இருந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. "மூணாம் பக்கத்துல ஒரு பிள்ளையப் பத்தி வருமே, அத மறுபடி படிங்க" என்றாள். அவர் தேடி எடுத்து, எழுத்துக்கூட்டிக்கூட்டிப் படித்தார். அவள் பொருள் சேர்த்தாள். துரை போகிறபோக்கில் எழுதியிருந்தது இது: விருந்தினர் வந்திருந்த வாரத்தில் சமையல்காரர் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டார், கொடுக்க முடியவில்லை. பிள்ளை இறந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் அவர் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் சொன்ன மூன்று சொல்லே அதற்குச் சாட்சி.

கணவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அக்காவுக்கு அந்த மனிதருக்காக அழுகை வந்தது, அழுதாள்.

தேர்வு அன்று காலையில் கணவர் அவள் பையில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டே பேச்சை எடுத்தார். "அவர் கட்டின வீட்டுக்குள்ள போய், அவர்கிட்டயே அஸ்திவாரம் சரியில்லன்னு சொல்லப் போறியா?"

"அதான் யோசிக்கிறேன்."

"பாஸ் பண்ணிக்கோம்மா. சர்டிபிகேட் கைக்கு வந்தப்புறம் ஒரு லெட்டர் போடு. ஆழம் தெரியாம கால விடாத. இதுதான் கடைசித் தடவ."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பேருந்தில் போகும்போது அவளும் அதையே முடிவு செய்தாள். மூன்றாம் மொழி, இடைவெளி, நாக்கு, கோடை என்று மனப்பாடம் செய்ததையே ஒப்பித்துவிட்டு வந்துவிடுவது. அடுத்தவர் சொன்னதை அப்படியே கொடுப்பது அவளுக்குப் புதிதா என்ன, இருபத்திரண்டு வருட உத்தியோகமே அதுதான்.

தேர்வு அறையில் மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்றியது. வெளியில் இருந்து வந்திருந்த தேர்வாளர் வயதான அம்மா. வாயில் பெப்பர்மிண்ட் இருந்தது, பேச்சில் அவசரம் இல்லை. இடைவெளி சார் பேனாவின் தலையை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தார். முதல் நாலு கேள்விக்கு அக்கா தடங்கல் இல்லாமல் பதில் சொன்னாள். அந்த அம்மா இரண்டு இடத்தில் "நல்லா சொன்னீங்க" என்றார்.

"சமையல்காரர் கதைக்கு வருவோம் மேடம்," என்றார் இடைவெளி சார். "அந்த மூணு சொல்ல நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிறீங்க?"

"நா என்பது நாக்கு," என்று அக்கா ஆரம்பித்தாள். "அடிமையோட நாக்கு, எசமானோட..."

மேலே வரவில்லை. தொண்டையில் ஒன்றும் இல்லை, மனப்பாடமும் மறக்கவில்லை. அந்தப் பழைய குமாஸ்தாவின் குரல்தான் குறுக்கே வந்தது. உனக்குச் சரியா கேக்கல, லிஸ்ட்ல இப்படித்தான் இருக்கு. பின்னாலேயே அந்த வீட்டு அழுகையும்.

"சார், நான் இப்ப சொன்னது உங்க கட்டுரையில இருக்கிறது," என்றாள். "எனக்குக் கேட்டது வேற. சொல்லலாமா?"

பேனாச் சத்தம் நின்றது. "சொல்லுங்க."

"புத்தகத்த மூடிடுங்க சார். மூடிட்டு, அந்த மூணு சொல்லையும் நீங்களே சேர்த்துச் சொல்லிப் பாருங்க. துரைங்க மாதிரி, கடைசி 'ர்' இல்லாம."

"எதுக்கு?"

"அந்தச் சமையல்காரர் அத எழுதலயே சார். சொன்னார். எழுதினது துரை."

அவர் சொல்லவில்லை. அந்த அம்மாதான் சொல்லிப் பார்த்தார், பெப்பர்மிண்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "நா... சம்மா... போ. நாசம்மா போ." பிறகு ஒரு சத்தம் வந்தது. வயதான பேராசிரியை தேர்வு அறையில் சிரிப்பை அடக்கினால் எப்படி வருமோ அப்படி.

இடைவெளி சார் சிரிக்கவில்லை. "இது ஒலி ஒற்றுமை மேடம். தற்செயல். ஆசிரியரே பொருள் கொடுத்திருக்கார், பட்டியல் இருக்கு. அதுக்கு மேல உங்ககிட்ட என்ன ஆதாரம்?"

"மூணாம் பக்கத்துல ஒரு பிள்ள செத்துப்போச்சு சார்," என்றாள் அக்கா. "லீவு கொடுக்காததால அப்பன் பக்கத்துல இல்ல. அந்த அப்பன் தலையக் குனிஞ்சு வாய்க்குள்ள என்ன சொல்லுவான்? கோடை நல்லா இருக்கிற ஊருக்குப் போயிட்டு வாங்கன்னா? அவர நினைச்சு வெட்கப்பட வேண்டியதில்ல சார். அவர் நேருக்கு நேர் நின்னு சொல்லியிருக்கார். கேட்டவனுக்குத்தான் கேக்கல. அப்புறம் யாருக்குமே கேக்கல."

"சரி, நீங்க போகலாம்" என்றார் இடைவெளி சார். கதவு வரைக்கும் கொண்டுவந்துவிட்டது அந்த அம்மா. கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். கணவர் திட்டவில்லை. "போச்சா?" என்று மட்டும் கேட்டார். "போச்சு" என்றாள். அவர் அடுப்பில் பாலை வைத்து இரண்டு காபி போட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. நாலு வருடப் பேருந்து, நாலு வருட மாலைகள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குக் காதில் அந்தப் பழைய அழுகை கேட்கவில்லை, அதையும் அவள் கவனித்தாள்.

இரண்டு வாரம் கழித்து கல்லூரிப் பலகையில் முடிவு ஒட்டினார்கள். பட்டறைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு கணவர்தான் போனார். விரலை வைத்து எண்ணை எழுத்துக்கூட்டி, தப்பாக இருந்துவிடப் போகிறது என்று மூன்று தடவை சரிபார்த்து, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். "எக்ஸ்சேஞ்ச், சொல்லுங்க" என்றாள் அக்கா. "யாருக்கும் கொடுக்க வேணாம், உனக்குத்தான்," என்றார். "ஐம்பத்தி ரெண்டு. ஐம்பது போதும்ல? நீ எம்.ஏ. ஆயிட்ட."

மூன்று விளக்கு எரிய மூன்று பேர் லைனில் காத்திருந்தார்கள். முதல்முறையாக அவர்களைக் காத்திருக்கவிட்டாள்.

அடுத்த நாள் பதினொரு மணி இருக்கும். ஜன்னல் வழியாக வண்டி நிறுத்துமிடத்தின் சத்தம் வந்துகொண்டிருந்தது. மணி அடித்தது.

"எக்ஸ்சேஞ்ச், சொல்லுங்க."

"நான்தான்." குரல் தெரிந்தது. பேனாவை அழுத்துகிற சத்தமும் தெரிந்தது. "காலேஜ்ல இருந்து பேசறேன்."

"சொல்லுங்க சார், யாருக்குக் கொடுக்கணும்?"

"யாருக்கும் இல்ல. உங்ககிட்டதான்." என்றார். "மார்க் பார்த்தீங்களா? அது ரெண்டு பேர் போட்டதோட சராசரி. அவங்க அறுபத்தி நாலு போட்டாங்க. நான் நாப்பது போட்டேன்."

"நாப்பதா சார்?"

"நாப்பது. ஃபெயில்தான் போட்டேன். கோபம். அத உங்ககிட்ட மறைக்கக்கூடாதுன்னு தோணுச்சு."

அக்காவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் காதும் காதும் வைத்தாற்போல் விட்டிருக்கலாம், போன் செய்து சொல்கிறாரே என்று நினைத்தாள். "சரி சார்" என்றாள்.

"எங்க வீட்டுல ஒரு சட்டம் போட்ட காகிதம் தொங்குது," என்றார் அவர். "எங்க கொள்ளுத்தாத்தா ஒரு துரை வீட்டுல சமையல்காரர். துரை போகும்போது எழுதிக் கொடுத்த நற்சான்று. சின்ன வயசுல இருந்து எனக்கு அதப் பார்த்தாலே பிடிக்காது. யார் வீட்டுக்கு வந்தாலும் எங்கப்பா அத எடுத்துக் காட்டுவார், நான் உள்ள போயிடுவேன். நேத்து ராத்திரி அத இறக்கி, காகிதத்த வெளிய எடுத்துப் படிச்சேன். நேர்மையானவர், சுத்தமானவர்னு எழுதிட்டு, கடைசியில ஒரு வரி." காகிதம் மடங்குகிற சத்தம் கேட்டது. "பரிமாறும்போதெல்லாம் எங்களுக்காகத் தன் மொழியில் வாய்க்குள் பிரார்த்தனை சொல்வார்."

அக்கா ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அது பிரார்த்தனையா இருக்குமா அக்கா?" என்றார். நாலு வருடத்தில் அவர் மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"எனக்கு எப்படிச் சார் தெரியும், நான் கேக்கலயே," என்றாள். "நிஜமாவே வேண்டிக்கிட்டுகூட இருந்திருக்கலாம். காகிதத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இனிமே அந்தச் சட்டத்த நீங்க மறுபடி சுவத்துல மாட்டலாம்."

அந்தப் பக்கம் சிரிப்பும் இல்லாத அழுகையும் இல்லாத ஒரு மூச்சு வந்தது. "ஒரே ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க. அவர் எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படியே. நான் சொன்னா சரியா வரல."

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டாள். விடுப்புக் கேட்டு நின்றவரை நினைத்தாள், காய்ச்சலில் கிடந்த பிள்ளையை நினைத்தாள். குரலில் பணிவைக் குறைக்காமல், உதடு அதிகம் அசையாமல், வாய்க்குள் சொன்னாள்.

"நாசமாப் போ, துரை."

அந்த முனையில் அவர் போனை மெதுவாக வைக்கிற சத்தம் கேட்டது.

வார்டில் இருந்து ஒரு நர்ஸ் ஃபைலோடு வந்து எவ்வளவு நேரமாகக் கதவருகே நின்றிருந்தாள் என்று தெரியவில்லை. மேசைமேல் ஃபைலை வைத்துக்கொண்டே கேட்டாள். "யாருக்கா போன்ல, சொந்தக்காரங்களா? வார்த்தை ஒண்ணும் கேக்கல, ஆனா எவ்வளவு பாசமா வழியனுப்பறீங்க."

"ஆமாம்மா," என்றாள் ஜீரோ அக்கா. "ரொம்ப நாளைக்கு முன்னாடியே ஊருக்குப் போயிட்டார். சொல்ல வேண்டியத இப்பத்தான் சொன்னேன்."

பலகையில் அடுத்த விளக்கு எரிந்து மணி அடித்தது. அவள் எடுத்தாள்.